குதிரைக் கயிறும் நாலு முழ வேட்டியும்

வெளிநாட்டுக்காரருக்கு ஊர் காட்டும் தொழிலில் ஊர் காட்டுவது சுலபம்; கூட்டிப் போனவர்களைக் குறையில்லாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் பெரும்பாடு. அடுத்த வீட்டுப் பிள்ளையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்ட உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். எழுபதுகளின் கடைசியில் நான் யாழ்ப்பாணத்தில் ஒரு விடுதியின் வழிகாட்டியாக இருந்தேன். அப்போது ஒரு குடும்பத்தோடு நான் பட்ட பாடு இது.

வேட்டி உத்தரவு

ஒல்லாந்திலிருந்து விடுமுறைக்கு வந்த டச்சுக்காரர்கள். தகப்பன், தாய், எட்டு வயது மகள் லீசா. நெடுந்தீவில் குதிரைகள் இருப்பதாக எங்கேயோ வாசித்துவிட்டு, குடும்பமாகக் குதிரையேறித் தீவைப் பார்த்தே தீருவோம் என்று நின்றார்கள். குதிரைக்கு நாலு கால் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கடலோரக் கொழும்புத்துறையில் பிறந்தவனிடம் மீனைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வேறு யாரையாவது அனுப்பச் சொல்லி விடுதி மனேச்சரிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நீளக் காற்சட்டையைத்தான் பார்த்தார். "குதிரை கிடக்கட்டும். வெள்ளைக்காரரோடை போறீர், வேட்டியைக் கட்டிக்கொண்டு போம். எங்கடை பண்பாட்டையும் அவை பாக்க வேணும்!"

வள்ளத்தில் ஒரு சொல்

குறிகட்டுவான் துறையில் மோட்டார் வள்ளம் ஏறினோம். சோளகக் காற்று அடிக்கிற காலம்; கடல் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. லீசா மட்டும் என் பக்கத்தில் இருந்துகொண்டு, கண்ணில் பட்டதற்கெல்லாம் தமிழில் என்ன பெயர் என்று கேட்டாள். எல்லாவற்றையும் மறந்து, ஆம் என்பதற்கு நாங்கள் சொல்லும் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். பசிக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டால், ஓம். பயமா? ஓம். சிரித்துக்கொண்டே ஓம்.

இறங்குதுறையில் தாய் என்னைத் தனியே கூப்பிட்டார். லீசாவின் குதிரையை நானே பிடித்து நடத்த வேண்டும் என்றார். தலையாட்டினேன். அது அவருக்குப் போதவில்லை. "எங்களுக்கு இவள் ஒருத்திதான். கயிற்றை விடமாட்டேன் என்று வாயால் சொல்லுங்கள்." சொன்னேன்.

சொந்தக்காரர்

மூன்று மட்டக் குதிரைகளைப் பிடித்துப் பழக்கி வைத்திருந்தவர் சின்னத்தம்பி அண்ணை. சேணம் இல்லை, மடித்த சாக்கு. கடிவாளம் இல்லை, கயிறு. கடிக்குமா, உதைக்குமா, ஓடுமா என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டேன்.

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அந்த மூன்று பேரையும் பார்த்தார். "ஒல்லாந்தர் காலத்திலை உவையின்ரை ஆக்கள் வளர்த்து விட்டிட்டுப் போன குதிரையள்தானே, தம்பி. சொந்தக்காரரை ஒண்டும் செய்யாது!"

இரண்டு கை வேண்டிய வேலை

தீவின் பெரிய பெருக்க மரத்தடியில் தகப்பனும் தாயும் படம் எடுக்க நின்றார்கள். சின்னத்தம்பி அண்ணை அவர்களுடைய குதிரைகளைப் பிடித்துக்கொண்டார். லீசாவுக்குப் பொறுமை இல்லை. அவள் ஏறியிருந்த குதிரையை மெல்ல நடத்திக்கொண்டு, இரண்டு பக்கமும் கல்வேலி ஓடும் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் திரும்பினேன்.

அங்கேதான் சோளகம் என் வேட்டிக்குள் புகுந்தது. முடிச்சு அவிழ்ந்தது. ஒற்றைக் கையால் பிடித்துப் பார்த்தேன், முடியவில்லை. வேட்டி கட்டுகிறவர்களே, நீங்கள் சொல்லுங்கள், அது ஒரு கையால் ஆகிற வேலையா? கயிற்றைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்தேன்.

வேலிக்கு அப்பால் யாரோ தொட்டியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கோடையில் மாடு, குதிரைக்கெல்லாம் அந்தத் தீவுக்காரர் தண்ணீர் அள்ளி வைக்கிற நேரமாம் அது. அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் எனக்கு யாரும் சொல்லவில்லை. குதிரை காதைத் தூக்கியது. கயிறு கமக்கட்டை உரசிக்கொண்டு போனது. ஒழுங்கையில் புழுதிதான் மிச்சம்.

ஓடினேன். விழுந்தேன். எழும்பி மறுபடி ஓடினேன். வேலிக்கல்லில் அந்தச் சின்னத் தலை மோதியிருக்கும் என்றுதான் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. தாயிடம் சொன்ன வாக்கும் கூடவே ஓடி வந்தது.

ஒழுங்கை முடிகிற இடத்தில் கிணறு. குதிரை தொட்டிக்குள் முகத்தை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தது. பிடரி மயிரை இரண்டு கையாலும் இறுக்கியபடி லீசா அதன் மேலேயே இருந்தாள், ஒரு கீறலும் இல்லாமல். தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த தீவுக்கார அம்மா ஒருவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளை அழேல்லை. நீ ஏன் தம்பி அழுகிறாய்?"

தாயின் கேள்வி

மற்றவர்கள் வந்து சேர்ந்தபோது கயிறு என் கையில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. முழங்காலில் இரத்தம், வேட்டியெல்லாம் புழுதி. தாய் மேலும் கீழும் பார்த்தார். உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தத் தாயின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

அவர் என்னிடம் கேட்கவில்லை. எனக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, மகளிடம் ஆங்கிலத்தில் கேட்டார், முழு நேரமும் இவர் கயிற்றைப் பிடித்திருந்தாரா என்று. லீசா என் வேட்டியைப் பார்த்தாள். பிறகு என் கண்ணைப் பார்த்தாள்.

"ஓம்."

அதன்பிறகு மனேச்சர் பண்பாட்டைப் பற்றி எவ்வளவு கத்தினாலும், அடுத்தவர் பிள்ளையைக் கூட்டிப் போகிற நாளில் நான் நீளக் காற்சட்டை போட்டு இடுப்புப்பட்டியை இறுக்கிக்கொண்டுதான் போனேன்.