மூச்சு முறை

அம்சவல்லியை அந்தப் பல்கலைக்கழகத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் முதுகைத்தான் தெரியும். பட்டமளிப்பு விழா, குடியரசு தினம், யாராவது வந்து அடிக்கல் நாட்டும் நாள், எதுவானாலும் மேடையோரமாகப் பிள்ளைகள் வரிசை கட்டி நிற்பார்கள். அவர்களைப் பார்த்தபடி, சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளை ஏற்றி இறக்குகிற அம்மா ஒருத்தி நிற்பாள். அதுதான் அம்சவல்லி. தஞ்சாவூர் பேங்கில் வரிசையில் நிற்கும்போது பல்கலைக்கழகத்து ஆட்கள் யாராவது, "உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்குங்களே" என்பார்கள். திரும்பி நின்று காட்டட்டுமா என்று கேட்க அவளுக்கு வாய்வரை வரும். கேட்டதில்லை.

மன்னார்குடிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர் அவளுடையது. அப்பா வீரையன் அடுத்தவர் வயலில் வேலை செய்தே பாதி ஆயுசைக் கழித்து, பிறகு குத்தகைக்குக் கொஞ்சம் பிடித்தார். தண்ணீர் குறைந்த வருஷங்களில் ஊரில் முறை வைப்பார்கள். இன்றைக்கு இந்தத் தெரு வயல், நாளைக்கு அந்தத் தெரு வயல். ஒருத்தர் மடையை அடைத்தால்தான் அடுத்தவருக்குப் பாயும். வீரையன் மண்வெட்டியும் கையுமாக வாய்க்காலுக்குக் காவல் இருப்பார். மகள் சோறு கொண்டுபோவாள்.

பள்ளிக்கூடத்தில் காலைப் பாட்டை அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். அந்தக் குரலை நம்பி அரசு இசைக் கல்லூரியில் சேர்ந்தாள். தனியாக உட்கார்ந்து பாடினால் தான் சுமார்தான் என்பது இரண்டாம் வருஷமே விளங்கிவிட்டது. அழுதுகொண்டெல்லாம் இருக்கவில்லை. பத்துப் பேர் சேர்ந்து பாடும்போது யார் எங்கே பிசகினார்கள் என்று அவள் காது பட்டென்று சொல்லிவிடும். அது எல்லாருக்கும் வாய்க்கிற காது இல்லை. பல்கலைக்கழகத்தில் சேர்ந்திசைக் குழு தொடங்கியபோது தற்காலிகமாகப் போய் ஒட்டிக்கொண்டவள், அப்படியே தலை நரைக்கும்வரை இருந்துவிட்டாள்.

கூட்டமாகப் பாடுவதில் பெரிய தொல்லை சுருதி இல்லை, மூச்சு. எல்லாரும் வரி முடிகிற இடத்தில் ஒரே நேரத்தில் மூச்சு வாங்குவார்கள். பாட்டு தொப்பென்று விழுந்து எழும். அம்சவல்லி அதற்கு முறை வைத்தாள். இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, ஒருத்தர் மூச்சு வாங்கும்போது மற்றவர் பாடவேண்டும் என்று இடம் குறித்துக் கொடுத்தாள்.

"வாய்க்கால்ல தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். மடை மட்டும்தான் மாறும்" என்பாள். தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு அது உடனே புரியும். சென்னையிலிருந்து படிக்க வந்தவர்களுக்கு இரண்டு நாள் ஆகும்.

பெண் பார்க்க வந்தவர்கள் உண்டு. ஒருத்தர் பாடச் சொன்னார், பாடினாள். வேலையை விடச் சொன்னார், மாட்டேன் என்றாள். காபி ஆறுவதற்குள் பேச்சு முடிந்தது. அப்பா அம்மா போனபிறகு குவார்ட்டர்ஸில் அவள் ஒருத்திதான். தம்பி சேரன் சிங்கப்பூரில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "ரிட்டயர் ஆனதும் இங்க வாக்கா, ஒரு மாசம் இருந்துட்டுப் போ" என்பான். ஒரு மாசம் என்பதை ஒவ்வொரு தடவையும் மறக்காமல் சொல்வான்.

பிள்ளைகளும் தங்குவதில்லை. குரல் பதமாகி வரும் நேரத்தில் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிவிட்டன. மூச்சு மட்டும் நினைவிருக்கிறது. ஒருமுறை மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் ஒருவன் குழந்தையும் மனைவியுமாக வந்து, "மேடம், என்னைத் தெரியுதா?" என்றான்.

"மூணாவது வரியில சீக்கிரமா மூச்சு வாங்கிடுவியே, நீதானே?"

அவன் மனைவி முகம் மாறிவிட்டது. "அவருக்கு ஆஸ்துமா எல்லாம் ஒண்ணும் இல்லீங்களே" என்றாள்.

இந்த வருஷம் அவளுக்கு ஓய்வு. போன பட்டமளிப்பு விழாவில், சபையே எழுந்து நிற்கிற வாழ்த்துப் பாட்டின் நடுவே ஒரு பையன் தும்மி, பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்து, பாட்டு அறுந்துபோனது. முடிந்துவிட்டது என்று சிறப்பு விருந்தினர் உட்கார்ந்தார். அவரைப் பார்த்துச் சபையும் உட்கார்ந்தது. பாட்டு திரும்பத் தொடங்க, எல்லாரும் திரும்ப எழுந்தார்கள். பதிவாளர் பரணிதரனால் அதை மறக்க முடியவில்லை.

"இனிமே ரெக்கார்டு போட்டுடலாம் மேடம்" என்றார். "பழைய குழு பாடினது பென் டிரைவ்ல இருக்கு. உங்க குழுதானே?"

"இந்த ஒரு தடவை பிள்ளைங்க பாடட்டும் சார்."

"உங்களுக்கு அப்புறம் இந்தப் போஸ்ட் வேணுமான்னே மேல கேக்கறாங்க." கொஞ்சம் யோசித்தார். "சரி. அறுக்காம பாடிட்டாங்கன்னா ஆள் போடச் சொல்லி நானே எழுதுறேன். ஆனா பென் டிரைவ் ஆடியோக்காரன் கையில இருக்கும். ஏதாவது பிசகுச்சுன்னா போட்டுடுவான்."

தான் போனபிறகும் குழு இருக்கவேண்டும். அம்சவல்லி கேட்டது அவ்வளவுதான்.

இந்த வருஷ விழா அன்று காலை, குழுவில் பாடும் கயல்விழிக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அவளுடைய ஜோடி அதிராம்பட்டினத்து ஷமீரா.

"மேடம், நாலாவது வரி நீளம். இவ இல்லாம நான் ஒருத்தியா தாங்க மாட்டேன். அறுந்துரும்."

"மேடமே அந்த இடத்துல நிக்கட்டுமே" என்றான் பின்வரிசை சதீஷ்.

"நான் அங்க நின்னா முன்னாடி யாருடா கை காட்டுறது?"

"நாங்க எப்ப மேடம் உங்க கையைப் பார்த்தோம்? பார்க்கிற மாதிரி ஆக்ட் குடுப்போம்."

சிரிப்பு எழுந்தது. அம்சவல்லிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கயல்விழி தோளில் கிடந்த, குழுவுக்கான மஞ்சள் அங்கவஸ்திரத்தை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

சபை எழுந்து நின்றது. சுருதி வந்தது, பாட்டு தொடங்கியது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் சபையைப் பார்த்தாள். எத்தனை முகங்கள்! அழைப்பிதழால் விசிறிக்கொள்கிற ஒருவர். கறுப்பு அங்கிக்குள் வியர்த்து வழிகிற பெண். தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றுகிற அப்பா. இவ்வளவு காலமும் இவர்களெல்லாம் தன் முதுகுக்குப் பின்னால் இருந்தார்களா என்று நினைத்தாள். அந்த நினைப்பில் நாலாவது வரி எப்படிப் போனதென்றே தெரியவில்லை. பாட்டு எங்கேயும் அறுபடவில்லை. ஒரே இழையாக ஓடி முடிந்தது.

விழா கலைந்ததும் பரணிதரன் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பார்த்தீங்களா மேடம்? நான் சொன்னேன்ல? ரெக்கார்டுன்னா எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க!"

"சார், ரெக்கார்டு போடலை. பிள்ளைங்கதான் பாடினாங்க."

"விளையாடாதீங்க. முன்னாடி நீங்களே இல்லையே."

"வரிசையில நின்னேன் சார். நானும் பாடினேன்."

அவர் ஆடியோக்காரனைக் கூப்பிட்டுக் கேட்டார். சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் காட்டினான் அவன். பரணிதரன் கெட்ட மனுஷர் இல்லை. உள்ளபடியே அசந்துதான் போயிருந்தார்.

"அருமை மேடம். சத்தியமா எனக்கு வித்தியாசமே தெரியலை." பிறகு, நடந்துகொண்டே, நல்ல சேதி சொல்கிறவர் மாதிரி, "அப்ப அடுத்த வருஷத்துல இருந்து ரெக்கார்டே போதும். யாருக்குமே தெரியாது பாருங்க" என்றார்.

அறுந்திருந்தால் குழுவை நிறுத்த அதுவே காரணமாகியிருக்கும். அறுபடாததும் காரணமாகிவிட்டது.

பயிற்சி அறையில் பிள்ளைகள் சாம்பார் சாதப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார் என்ன சொன்னாரு மேடம்?"

"ரெக்கார்டு மாதிரியே இருந்துச்சாம்."

கை தட்டினார்கள். சதீஷ் விசிலே அடித்தான். அவள் ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஷமீராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஷமீரா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மேடம், ஒண்ணு சொல்லவா? நாலாவது வரியில நீங்க என் முறையில மூச்சு வாங்கிட்டீங்க."

"நானா?"

"பாதியில நிறுத்திட்டு எங்கேயோ பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

"அப்ப நீ என்ன பண்ணினே?"

"நான் மூச்சு வாங்கலை. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் இழுத்துட்டேன். கண்ணெல்லாம் இருட்டிருச்சு."

அம்சவல்லி சோற்றைப் பிசைந்தாள். சாப்பிடவில்லை. "நாளைக்கு வாயேன். அந்த வரியை எனக்குச் சரி பண்ணிக்கணும்" என்றாள்.

"நாளைக்கு ஊருக்குப் போறேன் மேடம். லீவு விட்டாச்சு."

"ஆமால்ல."

எல்லாரும் போனபிறகு சிந்திக்கிடந்த பருக்கைகளைப் பெருக்கித் தள்ளினாள். மின்விசிறியை நிறுத்தினாள். கயல்விழியின் அங்கவஸ்திரம் இன்னும் தோளில்தான் கிடந்தது. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வாசற்படியில் நின்றபடி, நாலாவது வரியைத் தனியாக எடுத்தாள். சுமாரான குரல்தான். பாதியில் மூச்சு தீர்ந்தது. நிறுத்தினாள். அறைக்குள்ளிருந்து யாரும் தொடரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பாடி முடித்துவிட்டுக் கதவைப் பூட்டினாள்.