குளிரில் நிறுத்திய மேப்பிள்

கிரான்பர்ன் ஞாயிற்றுச் சந்தையில் அந்த மரக்கன்றைத் தொட்டியோடு வாங்கியபோது விற்றவர், "இது நேட்டிவ் மேப்பிள்" என்றார். எனக்கு மேப்பிள் என்ற சொல்லே போதும். ரொறன்ரோவில் இருக்கும் என் அக்கா ஆண்டுதோறும் சிவந்த இலைகளுக்கு நடுவே நின்று படம் அனுப்பி என் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறவள். பூமியின் இந்தத் தெற்குப் பாதியில் குளிர் பிடித்துவிடும் மே மாதம் முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வரப்போகிறாள். வரட்டும், இங்கேயும் இலை சிவக்கும் என்று காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டேன். மேப்பிள் வாங்கியதை அவளுக்குப் போனில் சொல்லியும் வைத்தேன்.

கறிவேப்பிலைத் தொட்டிக்கு எங்கள் வீட்டில் ராச மரியாதை. குளிர் தொடங்கியதும் கராஜுக்குள் போய்விடும்; மேலே பழைய போர்வை வேறு. மேப்பிளையும் உள்ளே வைப்போமா என்று கணவரைக் கேட்டேன்.

"அது கனடாக்காரன். குளிர் கண்டால்தான் சிவக்கும். வெளியில விடும்."

நியாயமாகத்தான் பட்டது. வெயில் எட்டிப் பார்க்காத தெற்கு மூலையில் கொண்டுபோய் வைத்தேன்.

இலை சிவக்கவில்லை. ஓரம் கருகிச் சுருண்டது. அக்கா வரும் நாளோ நெருங்கிவிட்டது. பதறிப்போய் இலையைக் கைபேசியில் படம் பிடித்துத் தேடினேன். மேப்பிள் இலை விரித்த கை மாதிரி இருக்கும். இதிலோ கறிவேப்பிலையைப் போல ஒரே காம்பின் இரண்டு பக்கமும் இலைகள். இதைக்கூடக் கவனிக்காமல் என் கண் எங்கே போயிருந்ததோ! இது குயின்ஸ்லாந்து மேப்பிளாம். பெயர்தான் மேப்பிள், குடும்பமே வேறு. சொந்த இடம் வட குயின்ஸ்லாந்தின் மழைக்காடு. வெக்கையிலும் மழையிலும் வளர்வது, தலைகீழாக நின்றாலும் சிவக்காது.

"உம்மட கனடாக்காரன் கள்ளப் பாஸ்போர்ட்டிலயெல்லோ வந்திருக்கிறான்!" என்று கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா வந்து இறங்கியதும், "எங்கயடி உன்ர மேப்பிள்?" என்றுதான் கேட்டாள். அசடு வழிய முழுக்கதையையும் சொன்னேன். கேலி செய்தே கொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கருகிய இலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"பாவமடி. பேரைக் கேட்டுப்போட்டுக் குளிருக்க விட்டிட்டாய். என்னையும் அப்பிடித்தானே நினைக்கிறாய்? போன் எடுக்கிற நேரமெல்லாம் 'உங்களுக்குக் குளிர் பழகியிருக்கும் அக்கா' எண்டுவாய். எனக்கு இன்னும் பழகேல்லையடி."

 இருவருமாகத் தொட்டியைத் தூக்கி வீட்டுக்குள் வைத்தோம். ஹீட்டரைக் கூட்டிவிட்டு அக்காவின் கைகளைப் பிடித்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தன.