யூதாஸ் நாற்காலியில் ரஜனி டீச்சர்

பாடாங் செராய் என்ற சிற்றூருக்கு வெளியே, செம்பனைத் தோட்டமும் புதுத் தாமான் குடியிருப்பும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் இடத்தில் வியாகுல மாதா கோயில் இருக்கிறது. அந்தக் கோயிலில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ரஜனி டீச்சருக்கு எந்தப் பதவியும் இருந்ததில்லை. பாடற்குழுவுக்குப் பாட்டெடுத்துக் கொடுக்க வேண்டும், நின்றுபோன மின்விசிறிக்கு ஆள் கூப்பிட வேண்டும், ஞாயிறு மறைக்கல்வி நடத்த வேண்டும், ஃபாதருக்கு மதியச் சாப்பாடு எந்தக் கிழமை யார் வீட்டில் என்று அட்டவணை போட வேண்டும். இவ்வளவு வேலைக்கு நடுவே பதவிக்கு எங்கே நேரம்? பதவிகளை ஆண்கள் பார்த்துக்கொண்டார்கள்.

முழுப் பெயர் செசிலியா ரஜனி. அப்பா யாழ்ப்பாணத்து வழி, கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் மருந்து கட்டும் டிரசராக இருந்தவர். டீச்சர் முப்பத்துநான்கு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தினார். கோயிலை நிர்வகிக்கும் பங்குப் பேரவையில் உட்கார்ந்திருக்கும் ஆண்களில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர் அவர். பெண்களுக்கு நிர்வாகம் வராது என்று அவர்கள் பேசும்போது மறுத்துப் பேசமாட்டார். வாக்கியம் பாதியில் நின்றுவிட்டால் மட்டும் முடித்துக் கொடுப்பார்.

இதையெல்லாம் வைத்து அவரைப் பெண்ணியவாதி என்று யாராவது நினைத்தால் அது பெரிய அநியாயம். பெண்பிள்ளைகள் பீடத்தில் பூசை உதவி செய்யலாம் என்று முன்பொரு காலத்தில் கடிதம் வந்தபோது, அதை ஓராண்டு தம் மேசை இழுப்பறையில் வைத்திருந்தவர் அவர்தான். "பொம்பளப் பிள்ளைங்க வந்து நின்னா பையனுங்க வரமாட்டானுங்க" என்பது அவர் வாதம். பையன்கள் எப்படியும் வரவில்லை. கடைசியில் பெண்பிள்ளைகளுக்கு அவரே பயிற்சி கொடுத்தார், அவர்கள் நன்றாகச் செய்ததற்காக அவர்களையே திட்டவும் செய்தார்.

கணவர் தயாநிதி, நில அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பங்குப் பேரவைத் தலைவர். ஒவ்வொரு மார்ச் மாதமும் மகளிர் தினத்தன்று கோயில் மண்டபத்தில் அரைமணி நேரம் பேசுவார். பெண் இல்லையேல் உலகம் இல்லை என்று தொடங்கி, ஆணும் பெண்ணும் வண்டியின் இரண்டு சக்கரங்கள் என்று முடிப்பார். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு ரோஜா. அன்றைய விருந்துக்கு மீ ஹூன் சேமியாவை வறுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள்தான். கூட்டம் முடிந்ததும் தயாநிதி காரின் இடப்பக்க இருக்கையில் ஏறிக்கொள்வார், டீச்சர் ஓட்டுவார். தயாநிதிக்குக் கார் ஓட்டத் தெரியாது.

பெரிய வியாழன் மாலை, இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பங்கில் பன்னிரண்டு ஆண்களின் பாதத்தை ஃபாதர் கழுவுவார். பன்னிரண்டு பேரும் சிவப்புப் பட்டை போட்டிருப்பார்கள். பட்டையில் பேதுரு, யோவான், தோமா என்று தங்கநிற எழுத்து. தயாநிதிதான் எப்போதும் பேதுரு. ரஜனி டீச்சர் நாற்காலி போடுவார், போட்ட பன்னிரண்டிலும் ஆட்டம் இருக்கிறதா என்று தாமே ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்ப்பார், சடங்கின்போது ஃபாதர் பக்கத்தில் நின்று ஜக்கைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுவார்.

மற்ற ஊர்களில் எப்படியோ, வியாகுல மாதா கோயிலில் பன்னிரண்டாவது பட்டையில் யூதாஸ் என்றே எழுதியிருந்தது. காட்டிக்கொடுத்தவன் காலையும்தானே ஆண்டவர் கழுவினார் என்று பழைய ஃபாதர் ஒருவர் பிடிவாதமாகத் தைக்கச் சொன்னது. ஆனால் ஓராண்டு யூதாஸாக உட்கார்ந்தவருக்கு அந்த மாதமே லோரி கவிழ்ந்தது. அடுத்த ஆண்டு உட்கார்ந்தவரின் மருமகன் வீட்டைவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கத்தோலிக்க ஆண் எவரும் அந்த நாற்காலிப் பக்கம் போகவில்லை. அப்போது பேரவை யோசித்து ஒரு முடிவெடுத்தது. பாடாங் செராய் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அய்யாவுவைக் கேட்டார்கள். அய்யாவு இந்து, மாரியம்மன் கோயில் கமிட்டியில் பொருளாளர். யூதாஸின் சாபம் வேற்று மதத்தவரைத் தொடாது என்பது பேரவையின் கணிப்பு.

அய்யாவு ஒன்பது ஆண்டுகள் யூதாஸாக இருந்தார். தைப்பூசத்துக்கு இருப்பதுபோலவே நாற்பது நாள் விரதம் இருந்து, வேட்டி சட்டையோடு வந்து, பயபக்தியோடு காலை நீட்டுவார். மற்ற பதினொருவரைவிட அவர்தான் ஒழுங்கான அப்போஸ்தலர் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

புதிதாக வந்த ஃபாதர் சுமனுக்கு இது தெரியாது. பெரிய வியாழனுக்கு நான்கு நாள் முன்பு, குருத்து ஞாயிறன்று, ஒத்திகையில் பன்னிரண்டாவது நாற்காலிக்கு வந்தபோது, யூதாஸின் நெற்றியில் திருநீறைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க எந்தப் பங்கு?"

"நான் பங்கு இல்ல ஃபாதர். கமிட்டி. மாரியம்மன் கோயில்."

ஃபாதர் சுமன் கையிலிருந்த ஒத்திகைத் தாளை மடித்துவைத்தார். பிறகு அய்யாவுக்கு நன்றி சொல்லி, காலைக் கழுவிக்கொள்பவர் கிறிஸ்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று பக்குவமாக விளக்கினார். ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதையும் கூடவே சொன்னார். உரோமையில் அதற்கு 2016இலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். செய்தி பாடாங் செராய்க்கு வந்துசேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

"அப்ப நான் உக்காரவா ஃபாதர்?" என்றார் ரஜனி டீச்சர். கையில் ஜக் இருந்தது.

மறுநாள் மாலை அவசரப் பேரவைக் கூட்டம் டீச்சர் வீட்டில் நடந்தது. எல்லாக் கூட்டங்களும் அங்கேதான் நடக்கும், டீச்சர் பொரிக்கும் கறிபாப் பலகாரம் நன்றாக இருக்கும் என்பதால். நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதும் டீச்சர்தான், பிழையில்லாமல் எழுத வேறு ஆள் இல்லை என்பதால். தேநீர் ஊற்றிவிட்டு உட்கார்ந்து, "பொருள்: ரஜனி டீச்சர் அமர்வது குறித்து" என்று எழுதி அடிக்கோடிட்டார்.

முதலில் பேசியவர் லோகன். இரண்டு லோரிகளுக்குச் சொந்தக்காரர், டீச்சரிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர், பட்டையில் மத்தேயு.

"ஃபாதர், இயேசுவோட அந்தக் கடைசி விருந்துல பொம்பளைங்க உக்காந்திருந்தாங்களா? இல்ல லா."

"பாடாங் செராய்காரங்க உக்காந்திருந்தாங்களா?"

"அது வேற, ஃபாதர்."

"அய்யாவு அண்ணன் உக்காந்திருந்தாரே, ஒன்பது வருஷம்."

"அவரு ஆம்பளை ஃபாதர்."

தயாநிதி தொண்டையைச் செருமினார். "அய்யாவுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டா என்ன ஃபாதர்? மதத்த மாத்திக்கலாம். மத்தத மாத்த முடியாதுல்ல."

கறிபாப்புக்கு மாவு கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றிருந்த அய்யாவு உள்ளே எட்டிப் பார்த்தார். "நான் எதுக்கு மாறணும்? யூதாஸா இருக்கத்தான் சரின்னு சொன்னேன், தலைவரே. கிறிஸ்தவனா இருக்கன்னு சொல்லல."

"சரி லோகன், நீங்களே உக்காருங்க" என்றார் ஃபாதர். "மத்தேயுவ வேற யாருக்காவது குடுத்துடுவோம்."

"எனக்கு லோரி இருக்கு ஃபாதர்."

"டீச்சருக்கு லோரி இல்ல."

"யூதாஸ்னாலும் அவன் அப்போஸ்தலன் ஃபாதர். காட்டிக்கொடுத்தான், சரி. ஆனா அந்த இடத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல" என்றார் லோகன்.

டீச்சர் இதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மரியாயின் சேனைத் தலைவி புஷ்பவள்ளியையும் கருத்துச் சொல்ல அழைத்திருந்தார்கள். பெண்கள் பக்கத்துக்கு ஒருவர் வேண்டும் என்பதற்காக. அவர் வந்த வேகத்திலேயே எதிர்த்தார்.

"ஏவாள் ஒரு பழத்த சாப்பிட்டா. அதுக்கே இன்னைக்கு வரைக்கும் கேட்டுக்கிட்டிருக்கோம். இப்ப யூதாஸையும் நம்ம தலையில கட்டப் பாக்குறாங்க. ஏன் டீச்சர், நமக்கு வேணுமா இது?"

"அப்ப பேதுருவக் குடுத்தா ஒத்துக்குவியா புஷ்பம்?"

"பேதுரு உங்க வீட்டுக்காரரு. அவர எழுப்பிட்டு நீங்க உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

ஆக, நல்ல நாற்காலி பெண்களுக்கு மரியாதையில்லை, கெட்ட நாற்காலி பெண்களுக்கு அவமானம் என்று பேரவை ஏறக்குறைய முடிவுக்கு வந்திருந்தது. அப்போதுதான் லோகன் அசைக்க முடியாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"டீச்சர் உக்காந்துட்டா ஜக்க யார் பிடிக்கிறது?"

ஃபாதர் சுமனிடம் இருந்த உரோமை ஆவணத்தில் இதற்குப் பதில் இல்லை. ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்தார்கள், யாருக்கும் ஆள் தோன்றவில்லை. டீச்சர் பேனாவை மூடாமலேயே நிமிர்ந்தார்.

"முதல் கால் பேதுருவோடது. அது முடிஞ்சதும் பேதுருவுக்கு வேலையில்ல."

எல்லாரும் தயாநிதியைப் பார்த்தார்கள்.

"போன மாசம் மண்டபத்துல என்ன சொன்னீங்க தலைவரே?" என்றார் ஃபாதர். "பெண்களோட சுமைக்குத் தோள் குடுப்போம்னீங்க. நானும் கை தட்டினேன்."

அவ்வளவு பேர் கை தட்டிய வாக்கியத்தைத் திரும்பப் பெறுவது தயாநிதியால் முடியாத காரியம். தலையாட்டினார். டீச்சர் "ஏகமனதாக" என்று எழுதினார்.

கூட்டம் கலைந்தபின் தயாநிதி மனத்தாங்கலை வெளியே எடுத்தார். "பேதுரு பொண்டாட்டி யூதாஸ்னு ஊர்ல சிரிக்கமாட்டாங்களா?"

"பேதுரு ஆண்டவரத் தெரியாதுன்னு மூணு தடவ மறுதலிச்சாரு. யாரு சிரிச்சா?"

"உனக்கு எதுக்கு இது, ரஜனி? உண்மையச் சொல்லு."

டீச்சர் கறிபாப் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். "இருபத்திரண்டு வருஷம் ஊத்தியிருக்கேன். ஒரு தடவ எனக்கு யாராச்சும் ஊத்தணும். அவ்வளவுதான்."

கோலாலம்பூரில் வழக்கறிஞராக இருக்கும் மகள் தர்மினி செய்தி கேட்டு உடனே கூப்பிட்டாள்.

"அம்மா, நீங்க ஃபெமினிஸ்ட் ஆயிட்டீங்க லா."

"வாய மூடு. உங்கப்பா காதுல விழப்போகுது."

பெரிய வியாழனன்று கோயிலில் நிற்க இடமில்லை. கோத்தா கோலா மூடாவிலிருந்தும் தஞ்சோங் டாவாயிலிருந்தும்கூடக் கார்கள் வந்திருந்தன. புனித வாரத்தில் இவ்வளவு பக்தியை அந்தப் பங்கு முன்பு கண்டதில்லை. அய்யாவு கடைசி வரிசையில் வெள்ளை வேட்டியோடு இருந்தார். விரதத்தைப் பாதியில் விட மனமில்லையாம்.

பதினொரு ஆண்களுக்குப் பிறகு, பன்னிரண்டாவது நாற்காலியில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலைமேல் யூதாஸ் பட்டையோடு ரஜனி டீச்சர் உட்கார்ந்தார். வலது செருப்பைக் கழற்றி நாற்காலிக்கடியில் வைத்தார்.

பேதுருவின் பாதம் முதலில் கழுவப்பட்டது. தயாநிதி எழுந்து ஜக்கை வாங்கிக்கொண்டார். இங்கேதான் யாரும் எதிர்பாராத சிக்கல். ஒரு ஜக் தண்ணீரைப் பன்னிரண்டு காலுக்குப் பங்கிடுவதற்கு ஒரு கை வேண்டும். டீச்சருக்கு அது மூன்று நான்கு ஆண்டுகளில் பழகியிருந்தது. தயாநிதிக்குப் பழக மூன்று நான்கு நிமிடங்கள்தான் இருந்தன. யோவான், தயாநிதி நிலம் வாங்கும்போது உதவியவர், அவருக்குத் தாராளமாக ஊற்றினார். மத்தேயு பேரவையில் ஆதரவு கொடுப்பவர், அவருக்கும் குறைக்கவில்லை. தோமா ஓய்வுபெற்ற போலீஸ்காரர். பதினோராவது அப்போஸ்தலரின் காலில் ஜக் கவிழ்ந்து நின்றது.

ஃபாதர் டீச்சரின் முன்னால் முழந்தாளிட்டார். டீச்சர் காலை நீட்டினார். தயாநிதி ஜக்கைச் சாய்த்தார். இரண்டு சொட்டு விழுந்தது.

பாடற்குழு பாட்டை முடித்து, நிலைமையைப் பார்த்து, மறுபடி முதலடியில் ஆரம்பித்தது. முன்வரிசையில் இருந்த புஷ்பவள்ளி கண்ணாலும் கையாலும் டீச்சருக்குச் சைகை காட்டினார்: எழுந்து போய்ப் பிடித்துக்கொண்டு வாங்களேன். அதில் பகை ஒன்றுமில்லை. தண்ணீர் தீர்ந்தால் டீச்சர் போய்ப் பிடித்து வருவார் என்பது அந்தக் கோயிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். டீச்சரின் உடம்புக்கும் அது தெரிந்திருந்தது. இடுப்பு நாற்காலியிலிருந்து ஒரு விரற்கடை எழும்பிவிட்டது.

தயாநிதி குனிந்தார். "ரஜனி, குழாய் எங்க?"

"பீடத்துக்குப் பின்னால."

"பின்னாலன்னா எந்தப் பக்கம்?"

டீச்சர் மறுபடி முழுவதுமாக உட்கார்ந்தார். "தேடுங்க" என்றார்.

ஜக்கோடு போனவர் முதலில் பூசை உடை அலமாரியைத் திறந்தார், பிறகு மெழுகுவர்த்திப் பெட்டியை. அந்தச் சத்தமெல்லாம் பீடத்து மைக்கில் விழுந்து ஒலிபெருக்கியில் கேட்டது. பாட்டு மூன்றாம் முறை தொடங்கியது. பதினொரு அப்போஸ்தலர்களும் ஈரக்காலோடு ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள். ஃபாதர் சுமன் முழந்தாளிட்டபடியே இருந்தார். டீச்சரின் வெறுங்கால், பெருவிரல் கொஞ்சம் வளைந்த ஐம்பத்தொன்பது வயதுக் கால், ஊரே பார்க்க அந்தரத்தில் நீட்டியபடி இருந்தது. தொடை நடுங்கத் தொடங்கியது. அவர் அதை மடக்கவில்லை.

தயாநிதி வெளியே வந்தபோது சட்டையில் பாதி நனைந்திருந்தது. ஜக் விளிம்புவரை நிரம்பியிருந்தது. மூச்சிரைக்க வந்து நின்று, எவ்வளவு ஊற்றுவது என்று தெரியாமல் மனைவியின் முகத்தைப் பார்த்தார். தயாநிதி முழு ஜக்கையும் ஊற்றினார். தண்ணீர் தாம்பாளத்தை நிறைத்து, வழிந்து, தரையில் இறங்கி, முன்வரிசைச் செருப்புகளை நோக்கி ஓடியது.

ஃபாதர் பாதத்தைத் துடைத்து, குனிந்து முத்தமிட்டார்.

தரையில் ஓடுகிற தண்ணீரைத் துடைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. துணி எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ரஜனி டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு, சேலைக் கொசுவத்தைச் சரிசெய்து, கையைக் கட்டிக்கொண்டு, பூசையின் மிச்சத்தைக் கவனிக்க ஆரம்பித்தார்.