போதும் சகாயம்

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சகாயராஜை அந்தப் பெயரில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ‘போதும் சகாயம்’ என்று கேட்டுப் பாருங்கள், பக்கத்துப் பீங்கான் பொம்மைக் கடைக்காரர் எழுந்து வந்தே வழி காட்டுவார். எதைக் கேட்டாலும் அவன் வாயில் முதலில் வரும் சொல் அதுதான். பொண்ணு படிக்க எந்த லேப்டாப் வாங்கலாம்? பழசே போதும். பத்தாம் வகுப்புக் கணக்கில் அவன் எடுத்தது முப்பத்தைந்து, போதும். செராமிக் டிப்ளமோவிலும் எல்லாப் பாடத்திலும் கரையைத் தொட்டுத்தான் ஏறினான், அதுவும் போதும். கேட்டால், போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்பான். “இத்தினி வருசமா அந்த மருந்தத்தான் சாப்புடுறாரு, பொன்னுதான் வூட்டுப் பக்கம் வரல” என்பாள் அவன் மனைவி ஆன் மேரி.

ஆனால் ஆளைக் குறை சொல்லிவிட முடியாது. பீங்கான் பட்டறைகள் நிறைந்த அந்த ஊரில் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் உள்ளே பீங்கான் தூசி மாவு போல அப்பிக் கிடக்கும். மற்றவர்கள் ‘தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க’ என்று கையை விரிக்கும் பெட்டியை அவன் ஊதித் துடைத்து, உதிரி மாட்டி, இன்னும் மூன்று வருடம் ஓட வைப்பான். அவன் ‘போதும்’ சொன்னதால் பிழைத்த குடும்பங்கள் உண்டு. அந்தப் பெருமைதான் அவன் கண்ணை மறைத்தது.

பானுமதி டாக்டரின் கிளினிக்குக்குப் புது சாஃப்ட்வேர் வந்தது. டோக்கன், நோயாளி விவரம், மருந்து, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. டாக்டர் தன் அறையில் மருந்தைத் தட்டினால் மருந்து கவுன்ட்டரில் இருக்கும் மதலேனா அக்காவின் திரையில் அது வந்து நிற்கும். சீட்டே தேவையில்லை. அதோடு ஒரு தாளும் வந்தது. கம்ப்யூட்டர் எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டு பத்தியில் போட்டிருந்தார்கள். முதல் பத்தியில் ‘மினிமம்’: நாலு ஜிபி. இரண்டாவது பத்தியில், ஒழுங்காக ஓட வேண்டுமானால் எட்டு ஜிபி, வேகமான புது வகை டிஸ்க். கிளினிக்கில் இருந்தவை மூன்று கிழப் பெட்டிகள், நாலு ஜிபிதான்.

“இது போதுமா சகாயம்?” என்று கேட்டார் டாக்டர்.

அவருக்குக் காட்டிய தாளில், இரண்டாவது பத்தியின் மேல் அவன் கட்டைவிரல் இருந்தது. அதை அவன் எடுக்கவில்லை. புது மெஷின் என்று பேச்சை எடுத்தால் டாக்டர் கடலூர் கம்பெனியைக் கூப்பிட்டு விடுவார், வேலை கைநழுவிப் போய்விடும் என்று பயந்தான்.

“தாராளமா போதும் மேடம். மினிமம்னா என்னா? பாஸ் மார்க்கு. நம்ம மெஷினு பாஸு. அதுக்கு மேல கேக்குறதெல்லாம் பேராசைங்க.”

டாக்டர் சிரித்துவிட்டுச் சரி என்றார். குருவி தலையில் பனங்காயை வைத்தாகிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் புது சாஃப்ட்வேரை ஓட்டினார்கள். திங்கட்கிழமைக் கூட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஞாயிறு முழுக்கப் பொறுத்துக்கொண்ட காய்ச்சலும் வயிற்று வலியும் பெண்ணாடத்திலிருந்தும் மங்கலம்பேட்டையிலிருந்தும் முதல் பஸ்ஸிலேயே ஏறி வந்துவிடும். வரவேற்பில் இருந்த ரெஜினா ஒவ்வொருவரிடமும் ஊர், தெரு, கதவு எண் என்று கேட்டுத் தட்டுவதற்குள் வரிசை வாசலைத் தாண்டியது.

“நட்சத்திரம் போட்ட கட்டத்த மட்டும் ரொப்புங்கக்கா. பேரு, வயசு, போன் நம்பரு. அது போதும்” என்றான் சகாயம். வரிசை நகர்ந்தது. அவனுக்கு ஒரே திருப்தி. ஒரு டீயை வாங்கிக்கொண்டு மதலேனா அக்காவின் பின்னால் போய் நின்றான்.

இரண்டு வாய்கூடக் குடித்திருக்க மாட்டான். திரையில் அடுத்த நோயாளியின் பெயர் வந்தது. கீழே மருந்துப் பட்டியல் இருந்தது. அக்கா திரும்பி அலமாரியில் அட்டையை எடுத்துக் கத்தரிக்க ஆரம்பித்தாள். அப்போது கீழே இருந்த பட்டியல் ஒரு முறை நடுங்கி, வேறு பட்டியலாக மாறியது.

சகாயம் டீயைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குக் குனிந்தான். பெயர் புது ஆளுடையது. மருந்து, முன்னால் வந்தவருடையது. மூச்சு வாங்கும் மெஷின் பெயரை உடனே கொண்டுவந்து விடுகிறது, மருந்தைக் கொண்டுவர அதற்குத் தெம்பில்லை. அதுவரை பழைய பட்டியல் அப்படியே நிற்கிறது.

“அக்கா, பேரு வந்ததும் எடுத்துடுவீங்களா?”

“பின்ன, பூசை போட்டுட்டா எடுப்பாங்க? கூட்டத்தப் பாரு தம்பி.”

“குடுக்காதீங்க. யாருக்கும் குடுக்காதீங்க.”

டாக்டர் எழுந்து வந்தார். சகாயம் விவரத்தைச் சொன்னான். அவர் ஒரு சொல்கூடத் திட்டவில்லை. வெளியில் உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு உறைகளை வாங்கிப் பார்த்தார்கள். மூன்று பேருக்கு மாறியிருந்தது. நல்ல வேளை, இரண்டு வைட்டமின், ஒன்று வாயு மாத்திரை. கிளம்பிப் போனவர்களுக்கு ரெஜினா ஒவ்வொருவராகப் போன் போட்டாள். எல்லோரும் கிடைத்தார்கள், ஒருவரைத் தவிர. மாணிக்கவேல், வயது எழுபத்திரண்டு, முழங்கால் வலி. அவருக்கு முன்னால் வந்தவர் முற்றிய சர்க்கரை நோயாளி.

மதலேனா அக்கா அலமாரியைப் பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். “சக்கர மாத்திரை அட்டை ரெண்டு போயிருக்குதும்மா.”

“சர்க்கரை இல்லாத மனுசன். வெறும் வயித்துல போட்டாருன்னா கொஞ்ச நேரத்துல மயக்கம்தான்” என்றார் டாக்டர். “தூங்குறாருன்னு வூட்டுல வுட்டுட்டாங்கன்னா எழுந்திரிக்கவே மாட்டாரு. அட்ரஸ் எடு ரெஜினா.”

ரெஜினா சகாயத்தைப் பார்த்தாள். நட்சத்திரம் இல்லாத கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன.

போன் நம்பருக்குப் போட்டால் அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. வாட்ஸ்அப்பில் தேடியபோது படம் வந்தது. தலையில் ஹெல்மெட்டோடு, பாலைவனத்தில் நின்று சிரிக்கும் ஒரு வாலிபன். பெரியவர் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரைச் சொல்லியிருக்கிறார், அது வெளிநாட்டில் இருக்கும் மகனுடையது. சகாயம் கூப்பிட்டான், எடுக்கவில்லை. ‘உங்கள் அப்பாவுக்கு மருந்து மாறிவிட்டது, உடனே பேசவும்’ என்று அனுப்பினான். ஒற்றை டிக்கோடு நின்றது.

“சேத்தியாத்தோப்பு பஸ்ஸு எங்க நிக்கும்னு எங்கிட்ட கேட்டாருப்பா” என்றாள் மதலேனா அக்கா, அழுகையோடு.

அது ஒன்றுதான் துப்பு. சகாயம் பைக்கை எடுத்தான். பெரியநாயகி மாதாவே, அந்த மனுசன் மாத்திரையை மறந்து போகட்டும், பஸ்ஸிலேயே தொலைத்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டே கம்மாபுரத்தைத் தாண்டினான். வழியில் நின்ற ஒரு பஸ்ஸை மறித்து உள்ளே ஏறிப் பெயர் சொல்லிக் கூவினான். கண்டக்டர் கெட்ட வார்த்தையில் திட்டி இறக்கிவிட்டார். இருபுறமும் நடவு வயல். எந்த வயலைத் தாண்டி அந்த வீடு இருக்கிறது? ஒரு கட்டம், ஊர் பெயருக்கு ஒரே ஒரு கட்டம் ரொப்பியிருந்தால் போதுமே என்று நினைத்தான். அந்தச் சொல் மனதுக்குள் வந்ததும் அவனுக்கு அவன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

சேத்தியாத்தோப்பு கூட்டு ரோட்டில் டீக்கடை டீக்கடையாக விசாரித்தான். மாணிக்கவேலா? எந்த மாணிக்கவேலு? இந்தப் பக்கம் நாலு பேர் இருக்காங்களே என்றார்கள். நிழலில் ஒதுங்கிப் போனைப் பார்த்தான். டிக் இரண்டாகியிருந்தது. அடுத்த நொடியே மணி அடித்தது.

“நான் வளவன் பேசுறங்க. இப்பதான் சாப்பாட்டுக்கு வுட்டாங்க, போன் லாக்கர்ல இருந்துச்சு. அப்பாவுக்கு என்னா ஆச்சு?”

சின்ன மாத்திரை மாற்றம்தான் என்று சொல்லி வைக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. “சக்கர மாத்திரைய மாத்திக் குடுத்துட்டம்ங்க. உயிருக்கு ஆபத்து. வூடு எங்கன்னு சொல்லுங்க, பக்கத்துலதான் நிக்கிறேன்.”

 அந்தப் பக்கமிருந்து அவசர அவசரமாக வழி வந்தது. வாய்க்கால் பாலம் தாண்டி, தண்ணி டேங்குக்கு எதிரே பச்சை கேட்டு வீடு. “எம் பொஞ்சாதி நீலாவதி நடவுக்குப் போயிருப்பா. அப்பா தனியா இருப்பாருண்ணா. போங்கண்ணா, சீக்கிரம் போங்க.”

கேட் திறந்தே கிடந்தது. பெரியவர் கட்டிலில் படுத்திருந்தார். பனியன் வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது. தலைமாட்டில் கிளினிக் உறை, அட்டையில் ஒரு குழி காலி. சகாயம் தோளைப் பிடித்து உலுக்கினான். பெரியவர் அரைக் கண்ணைத் திறந்தார்.

“டாக்டரம்மா மாத்திரை நல்லா கேக்குதுப்பா. வலியே தெரியல. நல்லா தூக்கம் வருது.”

போனில் டாக்டர் சொல்லச் சொல்லச் செய்தான். அவன் வழியிலேயே சொன்ன அடையாளத்தை வைத்து நூற்றியெட்டுக்கு அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். பெரியவரை நிமிர்த்தித் தன் மார்பில் சாய்த்து உட்கார வைத்தான். விழுங்க முடிகிறதா என்று முதலில் ஒரு மடக்கு கொடுத்துப் பார்த்தான். பிறகு அடுக்களையில் கிடைத்த சர்க்கரையை எல்லாம் தண்ணீரில் கொட்டிக் கலக்கி, வாயில் வைத்தான். சிந்தியது பாதி, இறங்கியது பாதி. இரண்டாவது டம்ளரில் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் கையை மெதுவாகத் தள்ளினார்.

“போதும் தம்பி.”

“போதாதுங்க ஐயா.”

“போதும்பா. தெவிட்டுது.”

“போதாது. இன்னும் குடிங்க. எனக்காகக் குடிங்க” என்றான் சகாயம். அவன் கண்ணீர் அவர் தோளில் விழுந்தது. ஆம்புலன்ஸ் சத்தம் வாய்க்கால் பாலத்தில் கேட்கும்வரை அவன் அந்தச் சொல்லை விடவில்லை.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் பெரியவர் எழுந்து உட்கார்ந்து மகனோடு வீடியோவில் பேசினார். நீலாவதி போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பானுமதி டாக்டரும் கட்டில் அருகே நின்றிருந்தார். அவரிடம் சகாயம் முதல் நாளே எல்லாம் சொல்லியிருந்தான், கட்டைவிரலையும் சேர்த்து. அதன் பிறகு அவர் அவனோடு பேசவில்லை.

“போதும் போதும்னு தள்ளுறேன், இந்தப் புள்ள வுடவே இல்லடா. இதுதான் என்னைக் காப்பாத்துச்சு” என்று பெரியவர் போனைச் சகாயத்தின் பக்கம் திருப்பினார்.

“உங்கள மறக்க மாட்டண்ணா” என்றான் வளவன், பாலைவனத்திலிருந்து.

“அந்த மெஷினு ஆவாதுன்னு எனக்குத் தெரியும் தம்பி. தெரிஞ்சேதான் போதும்னேன்” என்றான் சகாயம்.

நீலாவதி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பெரியவருக்கு என்ன புரிந்ததோ, அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எட்டு ஜிபி போட்டா போதுமா சகாயம்?” என்று கேட்டார்.



“பாத்துட்டு சொல்றேன் மேடம்” என்றான்.