வாய்க்காலில் காணாமல் போன மாடுகள்

ஆலையில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். துணி தைக்கிற ஆலை. ஷிப்டு முடிந்து வெளியே போகிற பெண்களின் பைகளைத் திறந்து பார்ப்பது அவள் வேலை. பதினாலு வருஷமாக அதே வாசல், அதே ஸ்டூல். சாப்பாட்டு டப்பாவின் அடித்தட்டு, குடையின் மடிப்பு, மாத்திரை டப்பா, எதையும் விடமாட்டாள். வாசலுக்குப் பத்தடி தூரத்தில் ஒருத்தி நடையை லேசாக மாற்றினாலே போதும், இவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். பாதி நேரம் அவள் சந்தேகப்பட்டது சரியாகவும் இருக்கும். அதுதான் வினையாகப் போனது. பத்துக்கு ஐந்து சரியாக இருந்தால் மீதி ஐந்தும் சரிதான், நாம்தான் கண்டுபிடிக்கவில்லை என்று நினைக்கிற ஜென்மம் அவள்.

வீட்டிலும் அப்படியே. அவள் கணவர் பாவம், டப்பாவிலிருந்து இரண்டு பிஸ்கட் எடுத்தால் தானாகவே வந்து "ரெண்டு எடுத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் தங்கை இரண்டு நாள் வந்து தங்கிவிட்டு ஊருக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவளின் பையை இவள் வாங்கினாள். வாங்கியவள் ஜிப்பைத் திறந்து, மேலே இருந்த துணியை ஒதுக்கி, அடியில் கைவிட்டு ஒரு துழாவு துழாவி, மூடித் திருப்பிக் கொடுத்தாள். சத்தியமாக ஒன்றும் நினைத்துச் செய்யவில்லை. கை தன்பாட்டுக்குச் செய்தது. தங்கை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பக்கத்தில் தங்கையின் புருஷன் நின்றான், குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் செய்கிற மெக்கானிக். அவனும் பார்த்தான். அன்றைக்கு நின்ற பேச்சு, போனிலும் இல்லை, நேரிலும் இல்லை.

மிச்சம் இருந்தது விளையாட்டு மட்டும். சிரிக்காதீர்கள், எக்ஸ்ரே விளையாடுவாள். தங்கை கற்றுக்கொடுத்ததுதான். இருபத்திரண்டு பேர் அவரவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, திரைக்குள்ளே ஒரே நாட்டில் நிலம் திருத்தி, வீடு கட்டி, மாடு வளர்க்கிற விளையாட்டு. அந்த நாட்டை நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். தங்கையும் மெக்கானிக்கும் வாய்க்காலின் கீழ்க்கோடியில் குடியிருந்தார்கள். எக்ஸ்ரேயின் மாட்டுப் பட்டி வாய்க்காலின் நடுவில், மேற்குக் கரையில். தினமும் சாயங்காலம் வேலை விட்டு வந்து ஹெட்போனை மாட்டுவாள். தங்கை உள்ளே இருக்கிறாள் என்று திரையின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி காட்டும். இவள் அதைப் பார்த்துக்கொண்டே மாடு மேய்ப்பாள். எட்டு மாதமாக அக்கா தங்கை உறவு அந்தப் புள்ளி அளவுக்குத்தான் இருந்தது.

அந்த வாய்க்கால் ஒரு பெரிய தலைவலி. மாடுகளுக்குத் தீவனம் கிழக்குக் கரையில் விளைகிறது. படகுகளோ நாளெல்லாம் மேலும் கீழும் போகின்றன. முதலில் பலகைப் பாலமும் இரண்டு கதவும் வைத்தார்கள். மாடு கடக்கக் கதவை மூடினால் படகுக்காரர்கள் கத்தினார்கள். திறந்தே விட்டால் மாடு தண்ணீரில் விழுந்து அடித்துக்கொண்டு போனது. பாலத்தை உயரமாகக் கட்டினால் மாடு ஏற மறுத்தது. ஒரு மாதம் இதே பஞ்சாயத்து. கடைசியில் வழி கண்டுபிடித்தவள் எக்ஸ்ரேதான். கதவும் வேண்டாம், பாலமும் வேண்டாம் என்றாள். தண்ணீருக்கடியில் கல்லைப் பரப்பி, முழங்கால் ஆழத்துக்கு ஒரு துறை அமைத்தாள். மாடு நடந்து போகும், படகு கல்லுக்கு மேலே மிதந்து போகும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். பல் டாக்டரே பாராட்டினார். அன்றைக்கு எக்ஸ்ரேக்குத் தலைகால் புரியவில்லை.

துறை வந்த இரண்டே மாதத்தில் நாற்பத்தோரு மாடு முப்பத்திரண்டு ஆனது.

வேலியில் ஓட்டை இல்லை. தண்ணீரில் முங்கினதாகத் தடயம் இல்லை. எக்ஸ்ரே சும்மா இருப்பாளா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எந்த நாள் மாடு குறைந்தது, அன்றைக்கு எந்தெந்தப் படகு துறையைத் தாண்டியது என்று நோட்டில் எழுதினாள். மற்றவர்கள் படகில் பின் இருக்கையில் சரக்குப் பெட்டி இருக்கும். ஒரே ஒரு படகுதான் கீழ்க்கோடிக்குப் போகும்போது பின் இருக்கை காலியாகப் போகும். மெக்கானிக்குடைய படகு. ஒன்பது மாடும் அவன் துறையைக் கடந்த நாட்களில்தான் போயிருந்தது.

"நான் சொன்னேன்ல," என்றாள் கணவரிடம்.

"என்ன சொன்னே?"

"அந்த ஆள் முகத்தைப் பார்த்தாலே தெரியும்னு."

"மாடுன்னா நிஜ மாடாடி? திரையில இருக்கற மாட்டை யாராவது திருடுவாங்களா?"

"திருடற கைக்கு நிஜமா பொய்யான்னு தெரியாதுங்க. வாசல்ல நான் பார்க்காததா?"

வாதாடி ஜெயிக்க முடியாது என்று அவர் டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் பல் டாக்டருக்குப் புகார் எழுதினாள். ஒன்பது தேதியும் போட்டு, மெக்கானிக் திட்டமிட்டுத் திருடுகிறான், அவனை இந்த நாட்டை விட்டு நீக்க வேண்டும் என்று முடித்தாள். அவன் நீங்கினால் தங்கையும் நீங்கிவிடுவாள், பச்சைப் புள்ளியும் இருக்காது என்பது அவளுக்கும் தெரியாமல் இல்லை. அனுப்பும் முன் விரல் ஒரு நிமிஷம் நின்றது. வாசலில் தெரிந்த முகம் என்று யாரையாவது விட்டிருக்கிறாளா? அனுப்பிவிட்டாள்.

அதோடு நிற்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரு காலிப் படகை எடுத்தாள். அப்போது மாடுகள் துறையில் பாதி வழியில் நின்று தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தன. நடுவில் புகுந்து வளைந்து வெளியேறி, கீழ்க்கோடிக்கு விட்டாள். திரையில் முன்னால் இருக்கிற தண்ணீர்தான் தெரியும். பின்னால் திரும்பிப் பார்க்கிற வசதி படகில் கிடையாது.

கீழ்க்கோடியின் படித்துறைக்கு மேலே புதிதாக ஒரு தொழுவம். கூரை, தீவனத் தொட்டி, நடுவில் விளக்கு. உள்ளே மாடுகள். எண்ணினாள். ஒன்பது. அவளுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. அகப்பட்டான் பயல்.

"அக்கா?"

ஹெட்போனில் தங்கையின் குரல். எட்டு மாதத்துக்கு அப்புறம். தொழுவத்தின் பின்னாலிருந்து அவள் உருவம் ஓடி வந்தது.

"இன்னிக்கு நீயே கூட்டிட்டு வந்துட்டியா!"

"எதை?"

"பின்னாடி பாரு."

எக்ஸ்ரே படகை விட்டு இறங்கித் திரும்பினாள். பின் இருக்கையில் அவளுடைய மாடு ஒன்று, டிக்கெட் எடுத்த பயணி போல, ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அவள் கயிறு போடவில்லை. ஏற்றவில்லை. காலி இருக்கை உரசினால் மாடு தானாக ஏறிவிடும் என்பது அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பாலம் இருந்தவரை மாடும் படகும் உரசியதே இல்லை. உரச வைத்தது இவள் போட்ட துறை.

"முதல் மாடு வந்தப்ப அவரே பயந்துட்டாரு," தங்கை மூச்சு விடாமல் பேசினாள். "படகை விட்டு இறங்கிட்டாரு, பின்னாடி இருக்கறதே தெரியலை. நான்தான் சொன்னேன், இது அக்கா வேலை, அவ வாயைத் திறந்து பேசமாட்டா, மாட்டை அனுப்பறா பாருங்கன்னு. அப்புறம் ஒவ்வொண்ணா வர வர, எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நீதானே அனுப்பினே?"

பதினாலு வருஷத்தில் எக்ஸ்ரே ஆயிரம் பொய் கேட்டிருக்கிறாள், சொன்னதில்லை.

"ஆமா," என்றாள். "நான்தான்."

சொல்லிக்கொண்டே புகாரைத் திரும்ப வாங்கப் பட்டனைத் தேடினாள். பல் டாக்டர் முந்திக்கொண்டார். இந்த நாட்டில் ரகசியப் புகார் கிடையாது என்பது அவர் கட்சி. திரையின் தலையில், எல்லோரும் படிக்கும்படி, அவள் எழுதியது வரிசையாக வந்து நின்றது. ஒன்பது தேதி. மெக்கானிக். திட்டமிட்டுத் திருடுகிறான்.

பச்சைப் புள்ளி அணைந்தது.

எக்ஸ்ரே கூசிப்போனாள். செத்தாலும் முதலில் கூப்பிடமாட்டேன் என்று இருந்தவள், போனை எடுத்தாள். ஆறாவது தடவை மணி அடித்ததும் தங்கை எடுத்தாள்.

"எதையும் நீ அனுப்பலை, இல்லக்கா?"

"இல்லை. ஒண்ணுகூட. அதுங்களா ஏறியிருக்கு. திருட்டுன்னு நெனச்சேன். பிடிக்கத்தான் வந்தேன்."

"பேர் வச்சிருக்கேன் எல்லாத்துக்கும்," என்றாள் தங்கை.

"அவரு இருக்காரா?"

"கேட்டுட்டுத்தான் இருக்காரு."

"குடு."

போன் கை மாறியது. "தம்பி, நான் தப்பா நெனச்சுட்டேன். மாடெல்லாம் அங்கேயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க."

"வர்றோங்க," என்றான் அவன். கோபமே இல்லை அந்தக் குரலில், அதுதான் தாங்கவில்லை. "எப்பவும் மாதிரி பை இல்லாமத்தான் வருவேன். கல்யாணம் ஆகி ஆறு வருஷம், உங்க வேலை என்னன்னு தெரிஞ்சே உங்க வீட்டுக்கு நான் ஒரு பை கொண்டு வந்ததில்லை. ரெண்டு நாள் தங்கினாலும் மாத்துத்துணி அவ பையிலதான். கவனிச்சிருக்கீங்களா?"

கவனித்திருந்தாள். மாமியார் வீட்டு உறவுக்கு ஒரு பழம்கூட வாங்கி வராமல் கையை வீசிக்கொண்டு வருகிற கஞ்சன் என்று, ஆறு வருஷமாக, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியும் இருந்தாள்.