யாருக்கும் வேண்டாத வெனிஸ்

டிராவல்ஸ் தொழிலில் விமானத்தைப் பிடிப்பது சுலபம், வருகிறவர் மனதில் எந்த ஊர் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. என்னைப் போலக் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, "எந்த ஊர் சார் நல்லா இருக்கும்?" என்ற கேள்விக்குப் பல்லைக் காட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், எனக்காக ஒரு பெருமூச்சு விடுங்கள். 2009-இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீஸில் இருந்தேன். சிங்கப்பூர், துபாய் டிக்கெட்தான் ஜாஸ்தி. எப்போதாவது ஐரோப்பா வரும். நான் அதுவரை பார்த்த வெளிநாடு பாண்டிச்சேரி மட்டும்தான்.

ஒன்பது கோயில் கணக்கு

கம்மாபுரத்திலிருந்து ஒரு அரிசி மில் முதலாளி மனைவியோடு வந்தார். கையில் ஆறு நாள் லீவு, மனதில் ஐரோப்பா முழுவதும். பாரிஸ் என்றார், ரோம் என்றார், சுவிட்சர்லாந்து என்றார், லண்டனும் பக்கம்தானே என்றார். நான் சுவரில் இருந்த மேப்பைக் காட்டி, "சார், ஆறு நாளுக்கு ரெண்டு ஊர்தான் நிம்மதி. மிச்சத்தை அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றேன். பாதிச் சாப்பாட்டில் இலையை எடுத்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார்.

"நவக்கிரகக் கோயிலு ஒம்போதையும் ஒரே நாள்ல வேன் வெச்சுப் பாத்தவன் சார் நானு. ஒரு நாளுக்கு ஒம்போதுன்னா ஆறு நாளுக்கு எத்தினி ஊருன்னு நீங்களே கணக்குப் போடுங்க!"

உங்க இஷ்டம்

அவரைக்கூடச் சமாளித்துவிட்டேன். தனக்கு என்ன வேண்டும் என்று வாயைத் திறந்து சொன்னாரே, அதுவே பெரிய புண்ணியம். அடுத்து வந்தவர்கள் அப்படி இல்லை. ஒரு பக்கம் என் அப்பா, அம்மா. இன்னொரு பக்கம் சிதம்பரத்திலிருந்து என் தங்கச்சி செல்வியின் மாமனாரும் மாமியாரும், எனக்கு மாமா, அத்தை. செல்வியும் மச்சானும் ஜெர்மனியில், கொலோன் என்ற ஊரில் இருந்தார்கள். "பெரியவங்க நாலு பேரும் சேந்து வாங்க. ஒரு வாரம் எங்க வீட்டுல இருங்க, ஒரு வாரம் ஊரு சுத்துங்க. எந்த ஊருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு மச்சான் போனை வைத்துவிட்டார். மாட்டிக்கொண்டவன் நான்.

எனக்கு ஏன் அவ்வளவு பயம் என்று சொல்லிவிடுகிறேன். செல்வி கல்யாணத்தில், முதல் பந்தியில் மாமாவின் தங்கைக்கு இலை கிடைக்கவில்லை. அந்த அம்மாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மண்டபத்தை விட்டே கிளம்பிவிட்டார். அதன் பிறகு ஒரு வருஷம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. நடுவில் இடிபட்டவள் செல்வி. மாமியார் போன் செய்யும்போதெல்லாம் அந்த இலைக் கதை வந்துவிடும். இந்தப் பயணத்தை வைத்துத்தான் ஒருவழியாக ராசியாகியிருந்தார்கள். "இதுலயும் ஏதாவது மனஸ்தாபம் வந்தா, ஆயுசுக்கும் எனக்கு அதே பேச்சுதான் அண்ணா" என்று செல்வி போனில் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

நாலு பேரும் என் எதிரில் உட்கார்ந்தார்கள். "எந்த ஊரு போலாம்?" என்று கேட்டேன். அப்பா, "சம்பந்தி சொல்லட்டும்" என்றார். மாமா, "சேச்சே, உங்க இஷ்டம்தான் எங்க இஷ்டம்" என்றார். டீ வந்தது, குடித்தார்கள். மறுபடி உங்க இஷ்டம், எங்க இஷ்டம். மாமா ஒரு தரம் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். அங்கே ஈபிள் டவர் படம் இருந்தது. அப்பா அதைக் கவனித்துவிட்டு, "பாரிஸ் போலாமே!" என்றார். மாமா உடனே, "பேஷா!" என்றார். பிறகு என் அம்மா மேஜை மேல் கிடந்த வெனிஸ் படத்தைப் பார்த்து, "ஊரே தண்ணியிலயா இருக்கு?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அத்தை மட்டும் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. இன்னும் கோபம் தீரவில்லை போல என்று எனக்கு உதறல். அதற்குள் மாமா மேஜையைத் தட்டினார்.

"சம்பந்தியம்மா வாயத் தொறந்து ஒண்ணே ஒண்ணு கேட்டிருக்காங்க. அதக்கூட செய்யலன்னா நாங்க என்ன சம்பந்தி? வெனிஸ போட்டுடுங்க தம்பி!"

பிச்சாவரம் படகு

அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், அம்மா தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுனாமிக்கு அப்புறம் அவள் சில்வர் பீச் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. "தண்ணிக்கு நடுவுல என்னால படுக்க முடியாதுடா. ஆனா அவுங்க ஆசையா சொல்லும்போது வாணாம்னு எப்புடிச் சொல்றது?" என்றாள். அப்பா, "எனக்கு மட்டும் அந்த இரும்புக் கோபுரத்தப் பாக்கணும்னு வேண்டுதலா? சம்பந்தி ஆசைப்பட்டாரேன்னு சொன்னேன்" என்றார். அடப்பாவிகளா என்று எனக்குத் தலை சுற்றியது. இதை அந்தப் பக்கம் சொன்னால், "வேண்டாத ஊருக்கு ஏன் தலையாட்டுனாங்க, எங்ககிட்ட நடிச்சாங்களா?" என்று பேச்சு கிளம்பிவிடும். சொல்லாவிட்டால் அம்மாவின் பாடு திண்டாட்டம்.

காலையில் ஆபீஸ் திறந்ததும் சிதம்பரத்திலிருந்து மாமா போன். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தம்பி, பிச்சாவரத்துல போட்டுல ஏறுனதுக்கே கொடலு வெளிய வந்துடுச்சு எனக்கு. வெனிஸ்ல என்ன ஆவேனோ தெரியல. ஆனா இத உங்க அம்மா காதுல போட்டுடாதீங்க, பாவம், ஆசைப்பட்டுட்டாங்க!"

ஜன்னலைத் திறந்தால்

ஆக, ஒருவருக்கும் வேண்டாத ஊருக்கு நாலு பேரும் ஒருவருக்காக ஒருவர் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் ரொம்பப் புத்திசாலித்தனமாக ஒரு பொய் சொன்னேன். "வெனிஸ்ல எங்கயும் ரூம் இல்ல, சீசனாம்" என்று இரண்டு வீட்டுக்கும் போன் செய்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தேன். அந்த நிம்மதி மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

மாமாவுக்குப் பரங்கிப்பேட்டையில் காதர் பாய் என்று ஒரு சிநேகிதர். அவருடைய தம்பி மகன் இத்தாலியில் வேலை பார்க்கிறானாம். சம்பந்தியம்மாள் ஆசை வீணாகக் கூடாதே என்று, வயிற்றைப் புரட்டும் பயத்தையும் மறைத்துக்கொண்டு, மாமா அவரிடம் சொல்லியிருக்கிறார். பாய் நேராக எனக்கே போன் போட்டார். சந்தோஷத்தில் கத்தினார்.

"கவலையே வாணாம் தம்பி, ரூம் ரெடி! வாசப்படியிலயே படகு, ஜன்னலத் தொறந்தா ராத்திரி பூரா தண்ணிதான், மாஷா அல்லா!"

முதல் பந்தி

விசாவுக்குக் கொடுக்க ஊர்களை முடிவு செய்தாக வேண்டிய நாள். நாலு பேரும் மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். அம்மா முகம் வெளிறிக் கிடந்தது. மாமா இப்போதே வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். உண்மையைப் போட்டு உடைத்துவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் அத்தை பேசினார்.

"எனக்கு எந்த ஊரும் வாணாம் தம்பி. எம் மருமவளோட ரெண்டு வாரம் இருக்கணும், அவ்ளோதான்."

அத்தை என் அம்மாவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். "அந்த இலை விஷயத்துக்கு அவ என்ன பண்ணுவா சொல்லுங்க? மணமேடையில உக்காந்திருந்த பொண்ணு. ஊரு பேச்சக் கேட்டுக்கிட்டு நானும் ஒரு வருஷமா வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். ஒரு வார்த்த எதுத்துப் பேசல. அன்னிக்கும் பேசணும்னுதான் வந்தேன், நாக்கு எழும்பல" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அழுகையோடே, "எனக்கும் அந்தத் தண்ணி ஊரு வாணாம் சம்பந்தியம்மா, பயமா இருக்கு!" என்றாள். மாமா துள்ளி எழுந்து, "அய்யோ, எனக்கும்தாங்க!" என்றார். அப்பா, "அப்ப பாரிஸு?" என்றார். "நான் எங்க பாரிஸக் கேட்டேன்? எமகண்டம் முடிஞ்சுதான்னு கடிகாரத்தப் பாத்தேன்!" என்றார் மாமா. ஈபிள் டவருக்கு மேலே எங்கள் ஆபீஸ் கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாலு பேரும் சிரித்த சிரிப்பில் எதிர்க் கடை ஜெராக்ஸ்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. உடனே செல்விக்குப் போன் போட வேண்டும் போல இருந்தது.

அதற்கு முன் கடமைக்காக ஒரு தரம் கேட்டேன், "அப்ப ஊரு எதுவும் வாணாமா அத்தை?"

"எம் மருமவள ஒக்கார வெச்சு, எங் கையால சமைச்சு, தெனம் மொதப் பந்தி அவளுக்குப் போடணும். அதுக்கு எந்த ஊர்ல ரூம் போடணுமோ அங்க போடுங்க தம்பி."

அதிலிருந்து யார் வந்து ஐரோப்பா என்றாலும் எத்தனை நாள், எந்த ஊர் என்பதெல்லாம் அப்புறம், கூட வருவது சம்பந்தியா என்பதைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.