முதலாளி கொடுத்த சாக்ஸபோன்

துபாயில் நான் சவுண்ட் டூட்டி பார்த்த ஜாஸ் கிளப்பின் முதலாளி ஓர் ஆங்கிலேயர். மாலைதோறும் அவரே மேடையேறி சாக்ஸபோன் வாசிப்பார். பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்துபோனது.

"இனி கிளப்பு கலாஸ்தான், மூடிருவாங்க," என்று வேலைக்காரர்கள் எங்கள் ரூமில் பேசிக்கொண்டோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், இசைக்குழுவில் சாக்ஸபோன் வாசிக்கப் புதிதாகச் சேர்ந்திருந்த பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் தன் சாக்ஸபோனைக் கொடுக்கும்படி எங்களிடம் சொன்னார். அவள் வாங்கத் தயங்கினாள்.

"இதுக்கு மூச்சு வேணும். யாரோட மூச்சா இருந்தா என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவள் அதை வாங்கி வாசித்து முடித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அவர் இடது கையால் மேசையைத் தட்டினார். அந்த முகத்தில் வருத்தத்தைத் தேடினேன், சந்தோஷம்தான் இருந்தது.

சாகும்வரை அவள் வாசிப்பைக் கேட்க வந்தார். இப்போது கிளப்பை நடத்துவது அவள்தான்.